வாசகர் கேள்வி – பதில்: அடம்பிடிக்கும் ஆயில் ஃபில்டர்

பிசான அறுவடை முடிந்து, நெல்லும் வைக்கோலும் வீடு சேர்ந்து, டிராக்டர்களுக்கும் லோடு வண்டிகளுக்கும் சிறிது ஓய்வு கிடைக்கும் பங்குனி மாதம் இது. வேலை நெருக்கடியில் தள்ளிப்போட்டுவந்த ஆயில் மாற்றும் பணியைப் பலரும் இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறார்கள் என்பது இம்முறை வந்த கடிதங்களிலிருந்து தெரிகிறது. ஆறு கடிதங்கள் எஞ்சின் ஆயிலை வடிகட்டும் ஃபில்டர் என்ற ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருப்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். முதல் கடிதத்துக்கு உரியவரின் வண்டி பாதி கழற்றிய நிலையில் நிற்பதால் அவருக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: நான்கு சக்கர டீசல் லோடு வண்டி வைத்து, களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றி நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் ஓட்டுகிறேன். இந்த முறை ஆயிலை நானே மாற்றிவிடலாம் என்று எண்ணி, பழைய ஆயிலை வடித்துவிட்டு ஃபில்டரைத் திருகினேன், அசையவே இல்லை. சென்ற முறை பட்டறையில் பெரிய ஸ்பேனர் போட்டு அதை முடுக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவர் சொன்னபடி, நீளமான திருப்புளியை ஃபில்டரின் குறுக்கே அடித்து இறக்கி நெம்பினேன். தகரம் கிழிந்ததே தவிர ஃபில்டர் சுற்றவில்லை. இப்போது அதன் அடித்தட்டு மட்டும் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்துப் பட்டறை அண்ணாச்சி, கேஸ் வைத்துச் சூடுகாட்டினால் கழன்றுவிடும் என்கிறார். அப்படிச் செய்யலாமா?
— வாசகர், களக்காடு

பதில்: சூடுகாட்ட வேண்டாம். கிழிந்த ஃபில்டருக்குள் இருப்பது ஆயிலில் ஊறிய காகித மடிப்பு. தீச்சுடர் பட்டால் அது விளக்குத் திரியைப் போலப் பற்றிக்கொள்ளும். பெரும்பாலான வண்டிகளில் ஃபில்டருக்கு ஒரு சாண் தூரத்திலேயே டீசல் குழாய்களும் மின்கம்பிகளும் ஓடுகின்றன. அண்ணாச்சி அனுபவசாலியாகவே இருக்கலாம். துருப்பிடித்த நட்டுக்குச் சூடு நல்ல மருந்து என்பதும் உண்மைதான். ஆனால் இங்கே பிடித்துக்கொண்டிருப்பது துரு இல்லை என்பதால் அந்த மருந்து இங்கே பொருந்தாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மேலே கொஞ்சம் ஆயில் ஊற்றிக்கொண்டு மெதுவாகப் பட்டறை வரை ஓட்டிப் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால், தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். பம்பு தள்ளும் ஆயில் இந்த ஃபில்டரைக் கடந்துதான், எஞ்சினின் சுழலும் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்குகளுக்குப் போய்ச் சேர வேண்டும். தகரம் கிழிந்த நிலையில் எஞ்சினை ஓட்டினால் ஊற்றிய ஆயில் முழுவதும் சில நொடிகளில் தரையில் பீய்ச்சிவிடும். பேரிங்குகள் உலர்ந்து, சில நூறு ரூபாய் ஃபில்டரால் வந்த தொல்லை எஞ்சினையே இறக்கிப் பிரிக்கும் செலவில் போய் முடியும்.

அப்படியானால் எதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது? ஃபில்டரின் அடித்தட்டுக்கு நடுவே மரை போட்ட துளை ஒன்று உண்டு. எஞ்சினிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உள்ளீடற்ற மரைக்குழாயில் அது ஏறி அமர்கிறது. அந்த மரை எப்போதும் ஆயிலிலேயே ஊறிக் கிடப்பதால் துருப்பிடிப்பதில்லை. பிடித்துக்கொள்வது அடித்தட்டின் விளிம்பில் இருக்கும் ரப்பர் வளையம்தான். அந்த வளையத்துக்குப் புதிய ஆயில் தடவாமல் உலர்ந்தபடியே மாட்டி, கையோடு நிறுத்தாமல் ஸ்பேனர் போட்டும் முடுக்கினால், ரப்பர் அளவுக்கு மீறி நசுங்கி, மாதக்கணக்கான எஞ்சின் சூட்டில் இறுகி, எஞ்சினில் ஃபில்டர் அமரும் முகத்தோடு பசை வைத்தாற்போல ஒட்டிக்கொள்கிறது. துருவுக்கென்று விற்கும் எண்ணெய்களை வெளியிலிருந்து தெளித்தும் பெரிய பயன் இல்லாமல் போவதற்கு இதுவே காரணம்.

திருப்புளி வழி தோற்றதற்கும் காரணம் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் பக்கத்தில் பலர் முதலிலேயே கையில் எடுக்கும் வழி அதுதான். ஃபில்டரின் மேல்தகரம் அரை மில்லிமீட்டரை ஒட்டிய கனம் மட்டுமே உடையது. குறுக்கே இறக்கிய திருப்புளியை நெம்பும்போது, கையின் விசை முழுவதும் அந்த இரண்டு துளைகளின் விளிம்பில் வந்து விழுகிறது. ரப்பர் விட்டுக்கொடுப்பதற்கு முன்பாகத் தகரம் விட்டுக்கொடுத்துவிடுகிறது. வேறு எந்தக் கருவியும் நுழையாத இடத்தில், எல்லா வழியும் பார்த்துத் தோற்ற பிறகு, தகரத்தின் அடிப்பக்க மடிப்பை ஒட்டி, நடுமரைக் குழாயைத் தொடாமல் திருப்புளியை இறக்கிப் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் வழியாக அதை வைத்துக்கொள்வது தவறு.

நடந்தது நடந்துவிட்டது, கலங்க வேண்டாம். மெல்லிய தகரம் போனதால், கனமான அடித்தட்டை நேரடியாகப் பிடித்துத் திருப்பும் வாய்ப்பு இப்போது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பேட்டரியின் நெகடிவ் வயரை முதலில் கழற்றிவையுங்கள்; பல வண்டிகளில் ஸ்டார்ட்டர் மோட்டார் ஃபில்டருக்கு அருகிலேயே இருக்கும், இரும்புக் கருவி அதன் முனையில் பட்டால் தீப்பொறி பறக்கும். வண்டியின் அடியில் படுத்து வேலை செய்வதானால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரங்களுக்கு மரக்கட்டை அடைகொடுங்கள். கண்ணாடியும் கையுறையும் அவசியம். கிழிந்த தகரம் கத்தியைவிட மோசமாக வெட்டும்.

பிறகு தகரக் கத்தரியால் எஞ்சியிருக்கும் தகரத்தை மடிப்பு வரைக்கும் வெட்டி எடுத்து, உள்ளே இருக்கும் காகித மடிப்பையும் துளைகள் நிறைந்த நடுக்குழலையும் குறடால் பிடுங்கி எடுத்துவிடுங்கள். இப்போது அடித்தட்டு முழுவதுமாகத் தெரியும்: நடுவில் எஞ்சினின் மரைக்குழாய், அதைச் சுற்றி வட்டமாகச் சிறிய துளைகள். மேற்கொண்டு எதையும் தொடுவதற்கு முன், நடுக்குழாயின் வாயைச் சுத்தமான துணியை முறுக்கி அடைத்து, துணியின் வால் வெளியே தொங்கும்படி விடுங்கள். சுற்றியுள்ள துளைகளின் வழியே விழும் தூசியைப் புதிய ஃபில்டர் பிடித்து நிறுத்திவிடும்; நடுக்குழாயோ வடிகட்டிய ஆயில் பேரிங்குக்குப் போகும் பாதை. அதற்குள் விழும் ஒரு தகரத் துணுக்கைத் தடுத்து நிறுத்த வேறு எதுவும் இல்லை. அவசரத்தில் மெக்கானிக்குகள்கூட மறந்துவிடும் வேலை இது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, கொதிநீரில் நனைத்துப் பிழிந்த கனத்த துணியை அடித்தட்டைச் சுற்றிப் போர்த்தி, ஆற ஆற மாற்றிப் பத்து நிமிடம் வைத்திருங்கள். ரப்பர் இளகுவதற்கு அந்தச் சூடு போதும். எதிரெதிரே உள்ள இரண்டு துளைகளில் பொருந்தும்படியான இரண்டு போல்ட்டுகளைச் செருகி, அவற்றுக்கு இடையே ஒரு இரும்புப் பட்டையைக் கொடுத்து, அடித்தட்டை நேராகப் பார்த்தபடி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அழுத்துங்கள். சட்டென்று உலுக்காமல், விசையைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டி, கூட்டிய இடத்தில் சில நொடி நிறுத்தி வையுங்கள். ஒட்டிக்கொண்ட ரப்பர் அதிர்ச்சிக்கு விட்டுக்கொடுப்பதைவிட இடைவிடாத அழுத்தத்துக்கு நன்றாக விட்டுக்கொடுக்கும்.

இதற்கும் அசையாவிட்டால்தான் உளி. முனை மழுங்கிய உளியை அடித்தட்டின் வெளி விளிம்பில், கழலும் திசையை நோக்கிச் சாய்த்து வைத்து, சிறிய சுத்தியலால் சிறுசிறு அடிகளாகக் கொடுங்கள்; நாலைந்து அடிக்கு ஒரு முறை உளியை எதிர்ப்பக்க விளிம்புக்கு மாற்றுங்கள். உளி ஒருபோதும் எஞ்சினின் பக்கம் வழுக்கிப் போகக் கூடாது. ஃபில்டர் அமரும் முகம் பல எஞ்சின்களில் அலுமினியம். அதில் விழும் ஒரு கீறல், மாட்டுகிற ஒவ்வொரு புது ஃபில்டரையும் கசியவைத்துக்கொண்டே இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வேனில் இதே வேலையைச் செய்தபோது, பொழுது சாய்ந்துவிட்டதே என்ற அவசரத்தில் நான் அடித்த ஓர் அடி நடுமரைக் குழாயின் விளிம்பை நசுக்கிவிட்டது. புதிய ஃபில்டர் கோணலாக ஏறிப் பாதியில் நின்றது. மரையைச் சரிசெய்ய மறுநாள் முழுவதும் போயிற்று. வண்டிக்காரரின் ஒருநாள் பிழைப்பும் என்னால் போயிற்று. அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

அடித்தட்டு ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டால் பிறகு கையாலேயே கழன்று வந்துவிடும். வந்ததும் மூன்றைப் பாருங்கள். பழைய ரப்பர் வளையம் தட்டோடு வந்திருக்கிறதா அல்லது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது முதலாவது. நடுமரைக் குழாய் எஞ்சினில் இருக்கிறதா, தட்டோடு சேர்ந்து கழன்று வந்துவிட்டதா என்பது அடுத்தது. வந்திருந்தால் மரை சேதப்படாமல் அதைப் பிரித்தெடுத்து, இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, மரைப்பூட்டுப் பசை தடவி எஞ்சினில் திரும்ப இறுக்க வேண்டும். மரை நசுங்கியிருந்தால் புதிய குழாயையே வாங்கிப் போடுங்கள். கடைசியாக, ஃபில்டர் அமரும் முகத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலும் விரலுக்குத் தெரியும். துணி அடைப்பை எடுக்க மறக்காதீர்கள்.

கேள்வி: பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் படிக்கிறேன். ஃபில்டரைக் கழற்றும் திசையைப் பற்றி எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. கழற்றுவதற்கு எந்தக் கருவி சிறந்தது என்பதையும் சொல்லுங்கள் ஐயா.
— மாணவி, திருநெல்வேலி

பதில்: நல்ல விவாதம் அம்மா. "கழலவே இல்லை" என்று எங்களிடம் வரும் ஃபில்டர்களில் சில, உண்மையில் தவறான திசையில் திருப்பி மேலும் முடுக்கப்பட்டவை. ஃபில்டரின் குவிந்த முனையை நேராகப் பார்த்தபடி எஞ்சினை நோக்கி நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அங்கிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசைதான் கழலும் திசை. தலைகீழாகத் தொங்கும் ஃபில்டரை வண்டியின் அடியில் படுத்துப் பார்ப்பவருக்கு இதில் குழப்பம் வராது. அதே ஃபில்டரை பானெட்டைத் திறந்து மேலிருந்து கைவிட்டுத் திருப்புகிறவர் அதன் முதுகைப் பார்க்கிறார். அவருக்குக் கழலும் திசை கடிகார முள்ளின் திசையாகத் தோன்றும். சந்தேகம் வந்தால், மூடி போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்றை ஃபில்டர் இருக்கும் நிலையிலேயே மூடி ஃபில்டரின் பக்கமாக வரும்படி பிடித்து, மூடியைத் திறந்து பாருங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ அதுவே திசை.

கருவிகளில் என் விருப்பம் கிண்ண ஸ்பேனர். அது ஃபில்டரின் முனையில் உள்ள பட்டைகளின் மேல் தொப்பி போலக் கவிழ்ந்து, விசையைச் சுற்றிலும் சமமாகப் பகிர்ந்து கொடுக்கிறது. ஆனால் பட்டைகளின் எண்ணிக்கையும் குறுக்களவும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். சற்றே பெரிய கிண்ணம் வழுக்கிப் பட்டைகளை மழித்துவிடும். பலவகை வண்டிகள் வரும் பட்டறையில் மூன்று நகங்கள் கொண்ட ஸ்பேனர் உதவும். திருப்பத் திருப்ப அதன் பிடி தானாக இறுகும். பெல்ட் ஸ்பேனரையும் செயின் ஸ்பேனரையும் பயன்படுத்தும்போது ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்: தகரம் அடித்தட்டோடு மடித்துச் சேர்த்த இடத்தில்தான் ஃபில்டருக்கு வலு அதிகம், ஆகவே எஞ்சினுக்கு எவ்வளவு நெருக்கமாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாகப் பிடிக்க வேண்டும். நடுவில் பிடித்தால் தகரம் உள்வாங்கி நசுங்கும். நசுங்கிய பிறகு எந்தக் கருவியும் பிடிக்காது.

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகளும் உண்டு. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் ரப்பர் இளகும். நீண்ட ஓட்டம் முடிந்து வந்த வண்டியானால், ஆயில் கையைச் சுட்டுவிடும் என்பதால் அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். ஃபில்டரின் மேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத்தூள் நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, உப்புத்தாளின் சொரசொரப்பான பக்கம் ஃபில்டரில் படும்படி சுற்றிக் கையால் திருப்பிப் பாருங்கள். சரியான அளவில் முடுக்கிய ஃபில்டர்களில் பெரும்பாலானவை இதற்கே கழன்றுவிடும். வழுக்கும் ஃபில்டரை இறுகிய ஃபில்டர் என்று எண்ணி உளியைத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் டிராக்டர் தேரிக்காட்டு மண்ணில் உழுகிறது, குலுக்கல் அதிகம். ஃபில்டரை ஸ்பேனர் போட்டு முடுக்காவிட்டால் ஓட்டத்தில் கழன்று விழுந்துவிடும் என்று ஓட்டுநர் பிடிவாதமாகச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் கழற்றும்போது போராட்டமாக இருக்கிறது. யார் சொல்வது சரி?
— வாசகர், திசையன்விளை

பதில்: ஓட்டுநரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது, அதற்கு அவர் தேடிக்கொண்ட மருந்துதான் தவறு. வேலை செய்யும் எஞ்சினில் ஆயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஃபில்டரின் ரப்பர் வளையம் 7 செ.மீ. குறுக்களவு உடையதானால் அதற்குள் அடங்கும் பரப்பு சுமார் 38 சதுர செ.மீ. அப்படியானால் ஃபில்டரை எஞ்சினிலிருந்து வெளியே தள்ளும் விசை 150 கிலோவைத் தாண்டுகிறது. 75 கிலோ நெல் மூட்டைகள் இரண்டை அதில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். இதைக் கேட்டால் இன்னும் முடுக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தச் சுமை முழுவதையும் தாங்குவது நடுமரை. அதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. ரப்பரின் வேலை ஆயில் கசியாமல் அடைப்பதும், தன் உராய்வால் ஃபில்டர் தானாகச் சுழன்று கழலாமல் பிடித்துக்கொள்வதும் மட்டுமே. அதற்கு வேண்டிய அமுக்கம் மிகச் சிறியது.

எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. ஏறும் மரையில், ரப்பர் முகத்தைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று திருப்பினால் ஃபில்டர் 1.1 மி.மீ. அளவுக்குத்தான் முன்னேறுகிறது. அந்த 1.1 மி.மீ. அமுங்கலிலேயே குலுக்கலைத் தாங்கும் பிடிப்பு வந்துவிடும். அதற்கு மேலும் ஸ்பேனர் போட்டால் வளையம் தன் பள்ளத்திலிருந்து பிதுங்கலாம், அடித்தட்டு வளையலாம். கசியக் கூடாது என்பதற்காகச் செய்ததே கசிவுக்குக் காரணமாகிவிடும். உங்கள் டிராக்டரின் கையேட்டிலோ ஃபில்டரின் மேலேயோ அரைச் சுற்று, முக்கால் சுற்று, ஒரு சுற்று என்று எது குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். சில ஃபில்டர்களில் சுற்றிலும் 1, 2, 3, 4 என்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவை கால் சுற்றுகளை எண்ணுவதற்காகவே உள்ளவை. எண் இல்லாவிட்டால், ரப்பர் தொட்ட இடத்தில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்து எண்ணிக்கொள்ளலாம். ஓட்டுநருக்கு நம்பிக்கை வராவிட்டால் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். முடுக்கி முடித்த நிலையில் ஃபில்டரில் ஒன்றும் எஞ்சினில் ஒன்றுமாக இரண்டு கோடுகளை நேருக்கு நேர் இழுத்துவிட்டு, ஒரு வாரம் உழுத பிறகு அவரே வந்து பார்க்கட்டும். கோடுகள் நகராமல் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு ஸ்பேனரைத் தேட மாட்டார்.

தேரி மண்ணில் ஓடும் வண்டி என்பதால் இன்னொரு குறிப்பும் உண்டு. கழற்றுவதற்கு முன் ஃபில்டரைச் சுற்றி அப்பியிருக்கும் செம்மணலைத் தூரிகையால் தட்டி, ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். ரப்பருக்கும் முகத்துக்கும் இடையே மாட்டிக்கொள்ளும் சில மணல் துகள்கள் கசிவுக்குப் போதும். அந்தக் கசிவைப் பார்த்துத்தான் பலரும் ஸ்பேனரைத் தேடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: காரின் ஆயிலையும் ஃபில்டரையும் வீட்டிலேயே மாற்றினேன். பழைய ஃபில்டர் மிகவும் சிரமப்பட்டே கழன்றது. புதியதை மாட்டி ஸ்டார்ட் செய்தவுடன் ஃபில்டரைச் சுற்றி ஆயில் கொட்டியது. மேலும் முடுக்கிப் பார்த்தேன்; நிற்கவில்லை. ஃபில்டர் பழுதானதா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: உடனே எஞ்சினை நிறுத்தியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினின் முகத்தைப் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். சிரமப்பட்டுக் கழலும் ஃபில்டர்களில் இது அடிக்கடி நேர்கிறது. கறுப்பு எண்ணெய்க்கு நடுவே கறுப்பு வளையம் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் புதிய வளையம் உட்காரும்போது, இரண்டு ரப்பர்களும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, அழுத்தம் ஏறியதும் ஏதாவது ஒரு பக்கம் பிதுங்கிவிடும். எவ்வளவு முடுக்கினாலும் அது நிற்காது. வளையத்தை நகத்தாலோ மரக்குச்சியாலோ உரித்தெடுங்கள். திருப்புளி முனையால் சுரண்ட வேண்டாம். ஏற்கெனவே மேலும் முடுக்கிவிட்டதாகச் சொல்கிறீர்கள். ஆகவே இந்தப் புதிய ஃபில்டரின் வளையம் பிதுங்கியோ வெட்டுப்பட்டோ இருந்தால் காசு போனாலும் இன்னொன்று வாங்கிவிடுங்கள்.

மறுபடி மாட்டும்போது முகத்தைத் துடைத்து, வளையத்தில் புதிய ஆயிலை விரலால் தடவி, கையால் மட்டும் முடுக்குங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் எச்சரிக்கை விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையிலேயே இரண்டு மூன்று நிமிடம் ஃபில்டரைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து அளவுக் குச்சியைப் பாருங்கள். காலி ஃபில்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும் என்பதாலும், கொட்டிய ஆயிலும் கணக்கில் சேர வேண்டும் என்பதாலும் மட்டம் குறைந்திருக்கும். அதை ஊற்றி நிரப்பிய பிறகே வண்டியை வெளியே எடுங்கள்.

கேள்வி: என் காரில் தகர ஃபில்டர் இல்லை, பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் இருக்கிறது. மூடி கழலவில்லை. அடிக்கலாமா? பழைய ஆயிலை எங்கே கொட்டுவது?
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: அடிக்கவே கூடாது, பிளாஸ்டிக் வெடித்துவிடும். மூடியின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஆறுபட்டை சாக்கெட்டைப் போட்டு, எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது நிதானமாகத் திருப்புங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் தலையை மழித்துவிடும். பல மூடிகளில் முடுக்க வேண்டிய முறுக்குவிசையின் அளவு 25 நியூட்டன் மீட்டர் என்பது போல மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டியதுதான் உங்கள் தொல்லைக்குக் காரணமாக இருக்கும். மூடியோடு வரும் ரப்பர் வளையத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றி, ஆயில் தடவி, பழையது இருந்த அதே பள்ளத்தில் போடுங்கள்.

பழைய ஆயிலைப் பற்றி நீங்கள் கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உங்கள் ஊர் வழியே ஓடும் கன்னடியன் கால்வாய் வழிநெடுக வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. அதில் விழும் ஆயில் நாற்றங்காலுக்குத்தான் போய்ச் சேரும். பயன்படுத்திய ஆயில் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. மூடியுள்ள கேனில் சேர்த்துவைத்து, கழிவு ஆயிலை எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். காகித ஃபில்டரை ஓரிரவு வடியவிட்டு, அதையும் அந்தக் கேனோடு சேர்த்துக் கொடுக்கலாம். தகர ஃபில்டர் உள்ளவர்கள் அதன் குவிந்த முனையில் ஒரு துளை போட்டுக் கவிழ்த்து வைத்தால் உள்ளே தங்கிய ஆயிலும் வடிந்துவிடும்.

கேள்வி: மீன் ஏற்றும் வண்டி வைத்திருக்கிறேன். கடற்காற்றில் ஃபில்டரின் தகரம் துருவேறிவிடுகிறது. கழற்றும்போது தகரம் பெயர்ந்து வருகிறது. பெயிண்ட் அடிக்கலாமா?
— வாசகர், உவரி

பதில்: புதிய ஃபில்டரை மாட்டி, கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகு, அதன் வெளித்தகரத்தில் மட்டும் மெல்லிய பூச்சாக அடிக்கலாம். ரப்பர் வளையமும் எஞ்சினின் முகமும் சந்திக்கும் இடுக்கில் பெயிண்ட் இறங்கக் கூடாது. அது உலர்ந்து பசையாகிவிட்டால் அடுத்த முறை களக்காட்டு வாசகரின் நிலைதான் உங்களுக்கும் வரும். பெயிண்டைவிட எளிய வழி, வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்ததும் ஆயில் தொட்ட துணியால் மேலே ஒரு தடவு தடவிவிடுவது.

இப்போது வண்டியில் இருக்கும் துருவேறிய ஃபில்டரைப் பெல்ட்டாலோ செயினாலோ பிடிக்க வேண்டாம். அரித்த தகரம் அந்த அழுத்தத்தைத் தாங்காது. கிண்ண ஸ்பேனரால் முயலுங்கள். முனையின் பட்டைகளும் அரித்திருந்தால், முதல் கேள்விக்குச் சொன்ன வழியில் அடித்தட்டைப் பிடித்தே கழற்ற வேண்டியிருக்கும். அதற்கான நேரத்தையும், புதிய ஃபில்டரையும், புதிய ஆயிலையும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டு, மறுநாள் காலை மீன் ஏற்றப் போக வேண்டாத ஒரு நாளாகப் பார்த்து வேலையைத் தொடங்குங்கள். கடலோரத்தில் ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் நிறையாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபில்டரை மாற்றிவிடுவது நல்லது. மாற்றிய தேதியைத் தகரத்தின் மேலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள்.